புளி போட்டுக் கழுவாதீர்கள்: பழங்காசுகளின் களிம்பு பற்றி

கரூரில் என் தாய்மாமா வீட்டு அலமாரியில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது. உள்ளே ஹார்லிக்ஸ் கிடையாது, காசுகள். அமராவதி ஆற்று மணலைச் சலிப்பவர்களிடம் அஞ்சுக்கும் பத்துக்கும் வாங்கிச் சேர்த்தவை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் மாமா பாட்டிலைக் கவிழ்த்து, ஜன்னலோரமாக உட்கார்ந்து, கடிகாரக்காரர் வைத்திருக்கும் ஒத்தைக் கண் லென்ஸை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்பார். யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது.

அதில் ஒரு சதுரச் செப்புக் காசு. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. கரும்பச்சை நிறம், தொட்டால் வழவழப்பு. ஒரு பக்கம் யானை நிற்பது எனக்கே தெரிந்தது. யானைக்கு மேலே ஏதோ கோடுகள். அவை எழுத்தாக இருக்கலாம் என்று மாமாவுக்குச் சந்தேகம். மாசக்கணக்கில் அந்த ஒரு காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு முழுப்பரீட்சை லீவில் எனக்கு மாமாவுக்கு உதவலாம் என்று தோன்றியது. அம்மாயி பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளவென்று வருகிறதே, காசுக்கும் அதையே செய்தால் எழுத்து நன்றாகத் தெரியுமே? ராத்திரி ஒரு கிண்ணத்தில் புளியும் உப்பும் கரைத்துக் காசைப் போட்டேன். காலையில் தேங்காய் நாரும் செங்கல் பொடியும் வைத்துத் தேய்த்தேன். பச்சைத் தண்ணீர் ஓடியது. கடைசியில் கையில் மிஞ்சியது புதுச் செம்பு மாதிரி இளஞ்சிவப்பாக, அம்மை வந்த முகம் போல முழுக்கக் குழி விழுந்த ஒரு தகடு. யானையின் முதுகு கொஞ்சம், ஒரு கால். மேலே கோடுகள் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

மாமா திட்டவில்லை. லென்ஸை மாட்டி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஏன் மாப்ளே, புளி எத்தன போட்டே?" என்று மட்டும் கேட்டார்.

"எலுமிச்சங்கா அளவுங்க மாமா."

"ம்." அவ்வளவுதான். காசை என்னிடமே கொடுத்துவிட்டார். இப்போதும் என் மேஜை டிராயரில் இருக்கிறது.

அழுக்கைத்தானே எடுத்தோம், யானை எப்படிப் போனது என்ற கேள்விக்கு எனக்குச் சரியான பதில் கிடைக்க இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. எஞ்சினியரிங் படிப்பில் அரிமானம் பற்றி ஒரு பாடம் இருந்தது. பரீட்சைக்குப் படித்து மறந்தாயிற்று. பிறகு பழங்காசுகளில் ஆர்வம் வந்து, அருங்காட்சியகங்களில் உலோகப் பொருள்களைப் பாதுகாப்பவர்கள் எழுதியதை வாசிக்க ஆரம்பித்தபோதுதான் புரிந்தது. நான் எடுத்தது அழுக்கு இல்லை. யானையே அந்தக் களிம்பில்தான் இருந்தது.

எப்படி என்று பார்ப்போம். செப்புக் காசு மண்ணுக்குள் கிடக்கிறது. ஈரமும் காற்றும் சேர்ந்து மேற்பரப்பில் இருக்கும் செம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கின்றன. முதலில் உலோகத்தை ஒட்டினாற்போல் செங்கல் நிறத்தில் ஒரு படலம் உருவாகிறது. குப்ரைட் என்ற செம்பு ஆக்சைடு அது. கரைந்த செம்பு இந்தப் படலத்தின் வழியாக வெளியே கசிந்து, மண் நீரில் இருக்கும் கரியமில வாயுவோடு சேர்ந்து பச்சை நிற மாலகைட்டாகப் படிகிறது. சில சமயம் நீல நிற அசுரைட்டும் வரும். ஆக, ஒரு பழங்காசைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் செம்பு, அதன்மேல் சிவப்பு, அதன்மேல் பச்சை, எல்லாவற்றுக்கும் மேலே மண்ணும் மணலும் கலந்த ஓடு என்று அடுக்கடுக்காகத் தெரியும்.

இதில் முக்கியமான கேள்வி: காசு அடித்தபோது இருந்த அசல் மேற்பரப்பு இப்போது எங்கே? ஓட்டின் உச்சியில் இல்லை, ஏனென்றால் அது வெளியே கசிந்து வளர்ந்த பகுதி. உள்ளே மிஞ்சியிருக்கும் உலோகத்தின் விளிம்பிலும் இல்லை, ஏனென்றால் அந்த விளிம்பு அரிக்கப்பட்டு உள்ளே தள்ளிப்போய்விட்டது. இரண்டுக்கும் நடுவே, களிம்புக்கு உள்ளேதான் இருக்கிறது. அரிமானம் மெதுவாக, சீராக நடந்திருந்தால், செம்பு இருந்த இடத்தைத் துளித்துளியாகக் கனிமம் பிடித்துக்கொள்கிறது. உருவம் அப்படியே நிற்கிறது, பொருள் மட்டும் மாறிவிடுகிறது. மரம் கல்லாகும் கதைதான், திருவக்கரையில் பார்த்திருப்பீர்கள். அந்த எல்லையைக் கண்டுபிடிக்க ஒரு அழகான வழி உண்டு. மணல் துகள்கள் எதுவரை கலந்திருக்கின்றனவோ அது வெளியே வளர்ந்த பகுதி. அதற்குக் கீழே மண் இருக்காது, ஏனென்றால் ஒரு காலத்தில் அங்கே கெட்டியாகச் செம்பு இருந்தது. நல்ல பாதுகாப்பு நிபுணர் நுண்ணோக்கிக்குக் கீழே வைத்து, சின்னக் கத்தியால் மணல் கலந்த மேலோட்டைச் சுரண்டி, அந்த எல்லையில் நிறுத்திவிடுவார்.

புளிக்கு அந்த எல்லை தெரியாது. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் செம்பின் ஆக்சைடு, கார்பனேட் எல்லாவற்றையும் ஒன்றாகக் கரைத்துக்கொண்டு போய், உலோகம் வந்தபிறகுதான் நிற்கும். அந்த உலோகத்தின் முகமோ கரையான் அரித்த பலகை மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கும். அம்மாயியின் குடத்தில் இருந்தது சில வாரத்துக் களிம்பு. கீழே உலோகம் முழுசாக இருந்தது. மாமாவின் காசில் இருந்தது ஈராயிரம் வருஷக் களிம்பு. இரண்டுக்கும் ஒரே வைத்தியம் பார்த்தேன். கூடவே உப்பையும் போட்டேனே, அது இன்னொரு தப்பு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

சங்ககாலக் காசுகளில் இது விளையாட்டு விஷயமில்லை. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி கண்டறிந்து வெளியிட்ட பெருவழுதி காசை எடுத்துக்கொள்ளுங்கள். பாண்டிய மன்னன் ஒருவனின் பெயர் தமிழ் பிராமி எழுத்தில் ஒரு காசின் மேல் இருப்பது, அந்தக் காலத்தில் இங்கே மன்னர்கள் தங்கள் பெயரிலேயே காசு வெளியிட்டார்கள் என்பதற்கு நேரடிச் சாட்சி. அந்தச் சாட்சி முழுவதும் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு உயரமுள்ள சில கோடுகள். யாராவது ஒரு பொடியன் அதைப் புளியில் போட்டிருந்தால்? (என் டிராயரில் இருக்கும் காசில் என்ன எழுதியிருந்தது என்று நான் யோசிக்காத வருஷம் இல்லை.)

களிம்பு என்ற சொல்லை நான் விடாமல் பயன்படுத்துவதற்குக் காரணம் உண்டு. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இதை பாட்டினா என்கிறார்கள், அதில் ஒரு மரியாதை இருக்கிறது. நம் களிம்பில் மரியாதை இல்லை. சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்குச் சொல்லும் உவமையே செம்பில் களிம்பு. செம்பு என்றைக்கு உண்டோ அன்றைக்கே களிம்பும் உண்டு, இடையில் வந்து ஒட்டியதில்லை. குருவருள் என்ற ரசகுளிகை பட்டால்தான் நீங்கும். ஆக, நம் மரபில் களிம்பு என்பது போக்க வேண்டிய ஒன்று. ஆனால் வேதியியல் கண்ணோடு பார்த்தால் அந்த உவமையில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. செம்பு பூமியில் பெரும்பாலும் உலோகமாகக் கிடைப்பதில்லை. மாலகைட், குப்ரைட் போன்ற தாதுக்களாகத்தான் கிடைக்கிறது. நாம் உலையில் போட்டு அடித்துப் பிடுங்கித்தான் செம்பாக்குகிறோம். விட்டால் அது மறுபடி தாதுவாகத் திரும்பிவிடும். களிம்பு பிடிப்பது செம்பு ஊருக்குத் திரும்புவது மாதிரி. கூடவே பிறந்தது என்று சொன்னவர்கள் ரொம்பத் தப்பாகச் சொல்லவில்லை.

சரி, நிறங்கள். ஒரே ஆற்றிலிருந்து வந்த மாமாவின் காசுகளிலேயே கரும்பச்சை, சாக்லேட் பழுப்பு, கருப்பு என்று மூன்று ரகம் உண்டு. மண்ணின் தன்மை, ஈரம், காற்று எவ்வளவு போனது, பக்கத்தில் என்ன கிடந்தது, உலோகத்தில் என்ன கலந்திருந்தது எல்லாம் சேர்ந்துதான் நிறத்தை முடிவு செய்கின்றன. வெள்ளீயம் அதிகம் கலந்த வெண்கலமாக இருந்தால் வெள்ளீய ஆக்சைடு மேற்பரப்பிலேயே தங்கி, மெருகு போட்டது போன்ற வழவழப்பைக் கொடுக்கும். ரோம் நகரத்தில் டைபர் ஆற்றின் சேற்றிலிருந்து எடுத்த செஸ்டர்ஷியஸ் காசுகள் இன்னும் பொன்மஞ்சளாகவே இருக்கின்றன. அவை செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை. சேற்றுக்குள் காற்று போகாததால் களிம்பு பிடிக்கவே இல்லை. சேகரிப்பாளர்கள் அதற்கு டைபர் பாட்டினா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ரோமானியர் கண்ணில் அந்தக் காசு எப்படித் தெரிந்திருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் அதைத்தான் பார்க்க வேண்டும். பச்சைக் காசையே பார்த்துப் பழகிய நமக்கு அது போலி மாதிரித் தோன்றும்!

வெள்ளியின் கதை வேறு. அதற்கு மண்கூட வேண்டாம், காற்றே போதும். வீட்டில் கொலுசு கறுக்கிறதே, அதேதான். காற்றில் கொஞ்சூண்டு இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடு படலமாகிறது. முழுதாகக் கறுப்பதற்கு முன்னால் நடப்பதுதான் வேடிக்கை. படலம் மிக மெல்லிசாக இருக்கும்போது, தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு, அதன் மேல்பக்கத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடியில் இருக்கும் வெள்ளியில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று குறுக்கிடுகின்றன. மழை நாளில் ரோட்டில் சிந்திய பெட்ரோல் வானவில் காட்டுமே, அதே சங்கதி. படலம் தடிக்கத் தடிக்க இளமஞ்சள், பொன், செவ்வூதா, நீலம் என்று வரிசையாக நிறம் மாறும். பிறகு மங்கி, சாம்பலாகி, கருப்பு. இந்த நிறங்களில் சாயம் எதுவும் கிடையாது, வெறும் தடிமன்தான்.

வரிசை என்று சொன்னேன் இல்லையா, அது முக்கியம். இயல்பாக வந்த டோனிங்கில் நிறங்கள் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மெல்ல நகரும். எழுத்துக்களைச் சுற்றிய பள்ளங்களில் கொஞ்சம் ஆழமாகவும், கைபட்டுத் தேய்ந்த மேடுகளில் வெளிறியும் இருக்கும். கந்தக ரசாயனம் தடவி அவசரமாக ஏற்றிய டோனிங்கில் பெரும்பாலும் பளீரென்று நீலமும் ஊதாவும் திட்டுத் திட்டாக நிற்கும்; நடுவில் வரவேண்டிய மஞ்சள் இருக்காது. ஏலங்களில் வானவில் டோனிங் காசுகளுக்குக் கூடுதல் விலை கிடைப்பதால் இந்தத் தொழில் நன்றாக நடக்கிறது. என்னைக் கேட்டால் வானவில் எல்லாம் வேண்டாம். மரப் பெட்டிகளில் பல தலைமுறை இருந்த பழைய டினாரியஸ்களில் ஒரு மாதிரி புகை படிந்த சாம்பல் நிறம் வரும். அகஸ்டஸின் தாடையோரம் அது நிழல் மாதிரி விழுந்து, முகத்துக்கே ஒரு உயிர் கொடுக்கும். அதே காசைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் அலுமினியத் தட்டு மாதிரி ஆகிவிடும்.

அகஸ்டஸ், டைபீரியஸ் இருவரின் டினாரியஸ்கள் கொங்குப் பகுதியில் பானை பானையாகக் கிடைத்திருக்கின்றன. அவை மண்ணுக்குள் இருந்தவை என்பதால் வேறு கணக்கு. மண்ணில் உப்புச்சத்து இருந்தால் வெள்ளி குளோரைடு படியும், மெழுகு மாதிரி சாம்பல் பழுப்பில். முத்திரைக் காசுகள் மாதிரி செம்பு கலந்த வெள்ளியாக இருந்தால் உள்ளே இருக்கும் செம்பு முதலில் கசிந்து வெளியே பச்சையாகப் படியும். பானையை உடைத்தவர் பார்ப்பது பச்சைக் காசுகளை. செம்புக் காசு என்று நினைத்துப் பழைய இரும்புக் கடைக்குப் போன வெள்ளி எவ்வளவோ.

மேற்பரப்பு வேறு, உள்ளே வேறு என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் ரோமிலிருந்தே உண்டு. நீரோ காலத்திலிருந்து டினாரியஸில் செம்பு கலக்க ஆரம்பித்தார்கள். ஆனால் செம்பு கலந்தது கண்ணில் படக் கூடாதல்லவா? அச்சிடுவதற்கு முன் தகட்டைச் சூடாக்கி அமிலத்தில் முக்கினால் மேற்பரப்புச் செம்பு மட்டும் கரைந்து, வெளியே தூய வெள்ளித் தோல் நிற்கும். 1970களில் டி. ஆர். வாக்கர் என்பவர் எக்ஸ்-கதிர் முறையில் ஆயிரக்கணக்கான ரோமானிய வெள்ளிக் காசுகளின் தூய்மையை அளந்து பட்டியல் போட்டார். அந்த எண்களை எல்லோரும் வெகுகாலம் மேற்கோள் காட்டினார்கள். பிறகு கெவின் புட்சர், மாத்யூ பாண்டிங் இருவரும் காசின் விளிம்பில் மெல்லிய துளை போட்டு உள்ளிருந்து மாதிரி எடுத்துச் சோதித்தபோது, உள்ளே வெள்ளி குறைவாக இருந்தது. கதிர் தோலைத்தான் அளந்திருக்கிறது. ரோமானிய நாணயச்சாலை ஆள் 1900 வருஷம் கழித்து வந்த ஒரு கருவியையும் ஏமாற்றிவிட்டான். எங்கள் தொழிலில் யூசர் இன்டர்ஃபேஸை மட்டும் பார்த்துவிட்டு ப்ரோக்ராம் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடுவது மாதிரி.

இதில் நமக்கு வேண்டிய பாகம்: அந்த வெள்ளித் தோல் மிக மெல்லியது. டூத் பேஸ்டோ விபூதியோ போட்டுத் தேய்த்தால் (நம் வீடுகளில் வெள்ளி குத்துவிளக்குக்கு விபூதிதானே) காசோடு வந்த அந்தத் தந்திரமே அழிந்துவிடும். மூன்றாம் நூற்றாண்டில் வெள்ளி பேருக்கு மட்டும் இருந்த காசுகளில் வெள்ளிப் பூச்சே ஒரு மினுக்கம்தான்; ஒரு தடவை தேய்த்தால் போச்சு. திரவத்தில் முக்கி எடுக்கும் வெள்ளி டிப்பும் அதே வேலையைத்தான் செய்கிறது. கறுப்பை எடுக்கிறது என்றால் அந்தக் கறுப்பில் இருக்கும் வெள்ளியையும் சேர்த்தே எடுக்கிறது.

தங்கம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தூய தங்கம் கறுக்காது. 1898இல் புதுக்கோட்டை அருகே கறுக்காக்குறிச்சியில் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் அரசன் தலைமேல் உளிவெட்டு இருக்கிறது. அது இங்கே யாரோ வேண்டுமென்றே போட்டது. மண் அவற்றை ஒன்றும் செய்யவில்லை. விதிவிலக்கு, கி.பி. 79இல் வெசுவியஸ் வெடித்தபோது புதைந்து 1895இல் கிடைத்த பாஸ்கோரியாலே புதையல். அந்தப் பொற்காசுகள் சிலவற்றில் செவ்வூதா நிறச் சாயல் உண்டு. அந்தப் பெயரைச் சொன்னாலே ஏலத்தில் விலை ஏறும்.

களிம்பு காசை மட்டுமில்லை, காசைச் சுற்றியிருந்ததையும் காப்பாற்றும் என்பதை நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். செம்பு, வெள்ளி உப்புகள் நுண்ணுயிர்களுக்கு விஷம். மொகஞ்சதாரோவில் ஒரு வெள்ளிச் சாடியின் மேல் ஒட்டிக் கிடைத்த பருத்தித் துணித் துண்டுகள் நாலாயிரம் வருஷத்துக்கும் மேலாக மக்காமல் இருந்ததற்குக் காரணம் அந்த உலோக உப்புகள்தான். காசை முடிந்து வைத்திருந்த துணியின் நெசவு களிம்பில் பதிந்து கிடைப்பதும் உண்டு. காசு கிடைத்த உடனே கழுவுகிறவர் அந்த முடிச்சையும் சேர்த்துக் கழுவிவிடுகிறார்.

எல்லாக் களிம்பும் நல்லது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். ஒன்று இருக்கிறது, அதற்கு வெண்கல நோய் என்றே பெயர். இங்கேதான் அந்த உப்பு வருகிறது.

உப்பிலிருக்கும் குளோரைடு செம்புக்குள் புகுந்தால், உலோகத்தை ஒட்டி ஆழத்தில் செம்பு குளோரைடாக உட்கார்ந்துகொள்ளும். காசு மண்ணுக்குள் இருக்கும்வரை சும்மா இருக்கும். வெளியே எடுத்து ஈரக் காற்று பட்டதும் அது காற்றோடும் நீரோடும் சேர்ந்து வெளிர்பச்சைப் பொடியாகப் பொங்கும். கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகும். அந்த அமிலம் அடுத்திருக்கும் செம்பைத் தின்று மறுபடி செம்பு குளோரைடு ஆகும். அது மறுபடி பொடி, மறுபடி அமிலம். குளோரைடு தீர்ந்துபோவதே இல்லை, சுற்றிச் சுற்றி வருகிறது. நிறுத்தும் நிபந்தனை எழுத மறந்த லூப். பிரெஞ்சு வேதியியலாளர் பெர்த்தலோ இந்தச் சுழற்சியை 1890களிலேயே விளக்கிவிட்டார். முற்றினால் முழுக் காசும் பொடியாகிவிடும்.

நம் ஊரிலேயே இதை எதிர்த்துப் பெரிய வேலை நடந்திருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் வேதியியல் ஆய்வகத்தில் எஸ். பரமசிவன் இருந்த காலத்தில், மண்ணுக்குள்ளிருந்து எடுத்த செப்புத் திருமேனிகளுக்கு மின்பகுப்பு முறையில் வைத்தியம் பார்த்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களின் சுதையை ஆராய்ந்தவரும் அதே பரமசிவன்தான். அவரைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுத வேண்டும்.

நோய்க் களிம்பையும் நல்ல களிம்பையும் பிரிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. நல்லது கெட்டியாக, கண்ணாடி மாதிரி ஒட்டியிருக்கும். பல்குத்தும் குச்சியால் குத்தினால் அசையாது. நோய் என்றால் வெளிர்பச்சைப் பொடி. குச்சி பட்டதும் உதிரும், கீழே ஒரு சின்னக் குழி இருக்கும். துடைத்துவிட்டு வைத்தால் மழைக்காலத்தில் அதே இடத்தில் மறுபடி பூக்கும். அந்தக் குச்சியும் கொஞ்சம் அசிட்டோனும் போலிக் களிம்பையும் காட்டிக்கொடுக்கும். பெயின்ட்டும் பசையுமாகப் பூசிய பச்சை அசிட்டோன் பட்ட பஞ்சில் இறங்கிவிடும், நிஜக் களிம்பு இறங்காது. ரசாயனத்தால் வரவழைத்த பச்சை இதில் மாட்டாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதைப் பிடிக்க லென்ஸும் பழக்கமும்தான் வேண்டும். மத்தியக் கிழக்கிலிருந்து வரும் காசுகளில் பள்ளங்களில் மட்டும் மணல் நிற மண் படிந்து, உருவம் எடுப்பாகத் தெரியும். பாலைவனப் பாட்டினா என்பார்கள். இயற்கையாகவும் வரும், வியாபாரி அப்பிய மண்ணாகவும் இருக்கும்.

ஒரு காசை ரசிக்க பெரிய உபகரணம் வேண்டாம். பத்து மடங்கு லென்ஸ், ஒரு மேஜை விளக்கு. விளக்கு தலைக்கு மேலே இருக்கக் கூடாது, பக்கவாட்டில் தாழ்வாக இருக்க வேண்டும். காசை விளிம்பில் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத கோடு சாய்ந்த வெளிச்சத்தில் நிழலோடு எழும்பும். மாமா ஏன் மத்தியானம் ஜன்னலோரம் உட்கார்ந்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

வைத்திருக்கும் விதம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிக் காசுகள் கெடுவது மண்ணில் இல்லை, நம் வீட்டில். மெத்தென்று, புதுச் செருப்பு வாசனை அடிக்கும் பி.வி.சி. ஆல்பங்களைத் தூக்கிப் போடுங்கள். அதிலிருந்து கசியும் பசை காசின் மேல் பச்சைப் பிசுக்காகப் படியும். மைலார் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறை நல்லது. ரப்பர் பேண்ட் போடாதீர்கள், கந்தகம். ஒட்டுப்பலகைப் பெட்டி வேண்டாம். அதிலிருந்து வரும் அமில ஆவி சாதவாகனரின் ஈயக் காசுகளை வெள்ளைப் பொடியாக்கிவிடும். செம்புக் காசுக்குக் காற்றின் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நோய் தூங்கும். சென்னையில் அது ஏசி அறையில்கூட நடக்காது. காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும்தான் வழி. முத்துக்கள் நிறம் மாறினால் சூடுபடுத்திக் காயவைத்து மறுபடி போட வேண்டும்.

இன்னொன்று, இது சட்டம். மண்ணுக்கடியில் காசு கிடைத்தால் 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தாலே போதும். அந்தப் பத்து ரூபாயை இன்னும் யாரும் மாற்றவில்லை. கழுவாமல், கிடைத்த பானையோடும் மண்ணோடும் கொடுத்தால் அதைப் படிக்கிறவர் உங்களை வாழ்த்துவார்.

மாமா போன பிறகு ஹார்லிக்ஸ் பாட்டில் என்னிடம் வந்தது. அத்தைதான் கொடுத்தார்கள், "நீதானே அதத் தொட்டவன், நீயே வெச்சுக்கோ" என்று. பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கின்றன. போன ஐப்பசி மழையில் ராஜராஜன் காசு ஒன்றில், நிற்கும் உருவத்தின் காலடியில், கடுகளவு வெளிர்பச்சைப் பொடி தெரிந்தது. குச்சியால் தொட்டேன், உதிர்ந்தது. சோடியம் செஸ்க்விகார்பனேட் கரைசலில் வாரக்கணக்கில் ஊறவைத்துக் குளோரைடை இழுக்கலாம். ஆனால் அது சில சமயம் களிம்பின் நிறத்தையே மாற்றிவிடும். காசைக் கிண்ணத்தில் போட்டு ஊறவைக்க எனக்கு இன்னும் கை வரவில்லை. இப்போதைக்குப் பொடியை மட்டும் எடுத்துவிட்டு, தனி டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடும் ஒரு சின்ன ஈரப்பதமானியோடும் வைத்திருக்கிறேன். இன்று காலை 34 காட்டியது. அடுத்த மழைக்குப் பிறகு திறந்து பார்த்துவிட்டுப் படத்தோடு எழுதுகிறேன்.